நீலகிரியில் இளம் மலர்க் கலைஞர்களுக்குப் பட்டறையும் போட்டியும் நடத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் நீலகிரியில் காட்சிகளுக்குக் குறைவே இல்லை. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் காட்சி, ரோஜா பூங்காவில் ரோஜாக் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் காட்சி என்று வரிசை கட்டி நடக்கும். மலர்க் காட்சி 1896-இல் தொடங்கியது. நூற்றாண்டைத் தாண்டியும் கூட்டம் குறையவில்லை. அந்தக் காட்சிக்குத் தொட்டி சுமப்பவர்கள், பசுமைக்குடிலில் கார்னேஷன் பூ பறிப்பவர்கள், கல்யாண மேடைக்கு விடிய விடியப் பூ குத்துபவர்கள் எல்லோரும் நம் மலைப் பிள்ளைகள்தான். பெரும்பாலும் 17 முதல் 22 வயது. கைவேலை நன்றாக வரும். ஆனால் வெட்டிய பூ ஏன் ஒன்று பத்து நாள் நிற்கிறது, இன்னொன்று இரண்டாம் நாளே தலை சாய்கிறது என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை.

போட்டிகளிலும் இதே கதைதான். பெயர் கொடுக்கிறார்கள், அலங்காரம் வைக்கிறார்கள், நடுவர்கள் சுற்றி வருகிறார்கள், மாலையில் ஷீல்டு, போட்டோ, அவ்வளவுதான். இரண்டாம் பரிசு வாங்கிய பெண், முதல் பரிசு எந்த இடத்தில் நழுவியது என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிறாள். அடுத்த வருடமும் அதே தவறோடு வருவாள். இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது: பயிற்சியையும் போட்டியையும் ஒரே ஏற்பாடாக, ஒரே மதிப்பெண் தாளின் மேல் நடத்துவது. முதல் நாள் வகுப்பில் கொடுக்கும் தாளை வைத்துத்தான் கடைசி நாள் நடுவரும் மார்க் போட வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

பழனி மலையில் இருப்பவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் மே மாதம் மலர்க் காட்சி உண்டு. பனியும் மழையும் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதற்கேற்ப நாளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் பாருங்கள்

நாள் சரியாக அமையாவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. மே மாதத்தைத் தொடவே வேண்டாம். முகூர்த்தப் பருவம் என்பதால் பூ விலை ஏறியிருக்கும். அறை கிடைக்காது. கோவையிலிருந்து நடுவர் வரவேண்டும் என்றால் போக்குவரத்து நெரிசல். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. ஜூனிலிருந்து ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை; மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை, பிள்ளைகள் வரமாட்டார்கள், வரச்சொல்லவும் கூடாது.

மிஞ்சுவது பொங்கலுக்கும் பிப்ரவரி கடைசிக்கும் இடைப்பட்ட காலம். இதுதான் நல்ல காலமும்கூட. சனிக்கிழமைதோறும் வகுப்பு வைத்தால் ஐந்தாறு வகுப்பு தாராளமாக அமையும். மே மாதம் பூக்கவேண்டிய பருவ மலர்களுக்கு விதை விழும் காலமும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால், தோட்டக்கலைப் பிரிவுப் பிள்ளைகள் விதைக்கும் தொட்டி மே மாதக் காட்சிக்கே போகும். காதலர் தினத்தை ஒட்டிய வாரம் மட்டும் கவனம். அப்போது கார்னேஷனும் ரோஜாவும் முதல் தரம் அத்தனையும் வண்டி ஏறிவிடும். விவசாயியிடம் பேசக்கூட நேரம் இருக்காது. ஆனால் அதே வாரத்தில்தான் தண்டு குட்டையானதும் இதழ் வெடித்ததும் நிறையக் கழியும். பயிற்சிக்கு அது போதும். எனவே போட்டியை பிப்ரவரி கடைசி வாரத்தில் வையுங்கள். விலை இறங்கியிருக்கும், பிளஸ் டூ பொதுத்தேர்வும் தொடங்கியிருக்காது.

யார் வரலாம், எத்தனை பேர்

வயது 16 முதல் 22. இந்த 22-க்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் உலகத் திறன் போட்டியில் (WorldSkills) மலர் அலங்காரமும் நில எழில் தோட்டக்கலையும் தனித்தனிப் பிரிவுகள். இரண்டிலும் போட்டி நடக்கும் வருடத்தில் வயது 22-ஐத் தாண்டக்கூடாது. 2024-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது அதுதான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படிக்கட்டு கண்ணில் தெரியவேண்டும் என்றால் நாமும் அதே வயதுக் கணக்கை வைப்பது நல்லது.

தோட்டக்கலை டிப்ளமோ படிப்பவர்களை மட்டும் கூப்பிட்டால் பட்டறை பாதிதான் நிறையும். பசுமைக்குடிலில் கூலிக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர்கள், நர்சரியில் பை நிரப்புகிறவர்கள், மேடை அலங்காரக் குழுவில் எடுபிடியாக இருக்கிறவர்கள் ஆகியோரைத் தேடிப்போய்க் கூப்பிடுங்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை வருவது என்றால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியை நீங்கள் ஈடுகட்டாவிட்டால் இரண்டாவது வாரமே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். கட்டணம் வசூலிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நன்கொடை திரட்டும்போது பூவுக்கு, பரிசுக்கு என்று கேட்பதைவிட, கூலி ஈட்டுக்கும் பஸ் செலவுக்கும் என்று கேளுங்கள்.

ஒரு பயிற்றுநருக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம். மலர் அலங்காரம் 12, தோட்டக்கலை 12 என்று இரண்டு பிரிவு வைத்தால் கையாள முடியும். வகுப்பை மாலை நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள். கடைசி பஸ் என்பது ஒரு காரணம். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமையும் கரடியும் நடமாடுவது இன்னொரு காரணம். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இடமும் ஆளும்

பள்ளிக் கூடம், சமுதாயக் கூடம், விளைச்சல் இல்லாத பசுமைக்குடில் எதுவானாலும் சரி. மூன்று விஷயம் இருக்கவேண்டும்: குழாய்த் தண்ணீர், பகல் வெளிச்சம், நின்று வேலை செய்ய இடுப்பு உயர மேஜை. தரையில் உட்கார்ந்து பூ கட்டிப் பழகியவர்களுக்கு நின்று செய்வது முதலில் சிரமமாக இருக்கும். ஆனால் எந்தப் போட்டியிலும் மேஜைதான், இப்போதே பழகட்டும்.

ஊட்டியில் உள்ள தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஊட்டியிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மூன்று இடத்திலும் ஒவ்வொரு நாள் வந்து வகுப்பெடுக்க ஆள் கேட்கலாம். சான்றிதழுக்கும் மேல் பயிற்சிக்கும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தையும் அணுகிப் பாருங்கள்.

ஆனால் மொத்தப் பயிற்சியையும் அதிகாரிகள் கையில் விட்டுவிட வேண்டாம். பசுமைக்குடில் மேற்பார்வையாளர் ஒருவர், மார்க்கெட்டில் வருடக்கணக்காக மாலை கட்டுகிற அக்கா ஒருவர், மேடை அலங்காரம் செய்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மாலை கட்டும் அக்காவை முதல் வகுப்புக்கே அழையுங்கள். வாழைநாரை ஈரப்படுத்தி, பூவின் காம்பு நசுங்காமல், ஆனால் நழுவாமல் இழுத்து முடிச்சுப் போடுகிற அந்த விரல் அழுத்தம்தான் பூங்கொத்து கட்டுவதற்கும் கம்பி சுற்றுவதற்கும் அடிப்படை. வெளிநாட்டுப் பாணியைக் கற்றுத் தருகிறேன் என்று இதை ஓரம் கட்டிவிட்டு ஆரம்பிக்கிற பட்டறைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இதில் கை தேர்ந்த பிள்ளைகள் மற்றதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் தாள்: முதல் நாளே கையில் கொடுங்கள்

நான் பயன்படுத்தச் சொல்லும் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. மலர் அலங்காரத்துக்கு இப்படி: உறுதி 25, எல்லாத் தண்டும் தண்ணீரில் இருப்பது 15, நிறமும் அளவும் அமைப்பும் 30, கொடுத்த பொருளுக்குப் பொருத்தம் 15, மேஜைச் சுத்தமும் வீணாக்காமையும் 15.

இதில் உறுதியும் தண்ணீரும் அளந்து பார்க்கக் கூடியவை. கொத்தைத் தூக்கி மெல்லக் குலுக்கினால் பூ விழுகிறதா, ஜாடியில் விரலை விட்டுப் பார்த்தால் ஏதாவது தண்டு தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆமாம் அல்லது இல்லை, வாதத்துக்கு இடமில்லை. நிறமும் அமைப்பும் ரசனை சார்ந்தவை. அங்கேதான் சண்டை வரும். உலகத் திறன் போட்டியில் இதற்கு 0 முதல் 3 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தொழிலில் ஏற்கமுடியாத தரம் 0, ஏற்கத்தக்கது 1, சில இடங்களில் அதற்கும் மேலானது 2, மிகச்சிறப்பு 3. மூன்று நடுவர்கள் தனித்தனியே போடவேண்டும். ஒருவருக்கொருவர் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித்தான் முடிவெடுக்கவேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 73, 74 என்று மனம்போனபடி போடுவதைவிட இது பல மடங்கு நியாயமானது.

தாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுத்து, முதல் வாரமே அவர்களையே நடுவராக்குங்கள். பக்கத்து மேஜை வேலைக்கு அவர்கள் மார்க் போடட்டும். அடுத்தவர் கொத்தைக் குலுக்கிப் பார்த்த பிறகுதான் தன் கொத்து ஏன் ஆடுகிறது என்று பலருக்கும் புரிகிறது.

மலர் அலங்காரப் பயிற்சி, வாரம் வாரமாக

முதல் வாரம் பூமாலை கட்டுவது. அதோடு பூவைப் பறித்து, வெட்டி, தண்ணீரில் வைப்பது. இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். அவசரப்பட்டால் பிறகு எதுவும் நிற்காது.

ஒற்றைப் பூ கார்னேஷனை இதழ்கள் புல்லியிலிருந்து மேலெழுந்து தூரிகை முனைபோல நிற்கும்போது பறிக்கவேண்டும். கொத்துக் கார்னேஷன் என்றால் இரண்டு பூவாவது விரிந்திருக்கவேண்டும். லில்லியில் அடி மொட்டு நிறம் காட்டினால் போதும். ஜெர்பராவுக்கு நடு வட்டத்தின் வெளி வரிசைகளில் மகரந்தம் தெரியவேண்டும். அதற்கு முன் பறித்தால் கழுத்து தொங்கிவிடும். இதையெல்லாம் சொல்லாதீர்கள், காட்டுங்கள். மூன்று நிலையில் பறித்த மூன்று பூவை ஒரே வாளியில் வைத்து அடுத்த சனிக்கிழமை வரை விட்டுவிட்டால் பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

கார்னேஷன் தண்டை வெட்டும்போது கணுவில் வெட்டக்கூடாது. கணு கெட்டியாக இருக்கும், தண்ணீர் ஏறாது. இரண்டு கணுவுக்கு நடுவே, கத்தி மழுங்காததாக, சாய்வாக வெட்டவேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலை அத்தனையையும் உருவிவிட வேண்டும். இலை அழுகினால் கிருமி பெருகித் தண்டு அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் வெறும் சர்க்கரை போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது பூவைவிடக் கிருமிக்கே அதிகம் தீனி. ஜெர்பராவுக்கு வாளியில் தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் போதும், அதன் மயிரடர்ந்த தண்டு ஆழத் தண்ணீரில் அழுகும். லில்லி விரிந்ததும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிடச் சொல்லுங்கள், கல்யாணப் பட்டில் பட்டால் கறை போகாது.

வாளிகளைப் பழ மூட்டையின் பக்கத்தில் வைக்கவே கூடாது. பழுக்கிற வாழையும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடும், கார்னேஷன் அதற்கு மிகவும் நொந்துபோகும். இதழ் உள்நோக்கிச் சுருண்டு தூங்குவதுபோல ஆகிவிடும், பிறகு எந்தத் தண்ணீரும் அதை எழுப்பாது. பூவும் பழமும் ஒரே வண்டியில் வருகிற நம் மலையில் இது அடிக்கடி நடக்கிறது.

இரண்டாம் வாரம் கைக்கொத்து. இங்கே கற்றுத்தர வேண்டியது ஒன்றே ஒன்று, சுழல் அமைப்பு. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முதல் தண்டை நேராகப் பிடிக்கிறோம். இரண்டாவது தண்டு அதன் மேல் சாய்வாக, பூ இடப்பக்கமும் காம்பு வலப்பக்கமுமாக. மூன்றாவதும் அதே சாய்வு, அதே பக்கம். ஒவ்வொரு இரண்டு மூன்று தண்டுக்கும் கொத்தை உள்ளங்கையில் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். எந்தத் தண்டும் எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. ஒன்று மாறினாலும் கட்டும் இடத்தில் தண்டுகள் நசுங்கும், கொத்து ஒரு பக்கமாகப் பிதுங்கும். எல்லாம் சரியாக அமைந்தால், ஒரே இடத்தில் கட்டி, அடியைச் சமமாக வெட்டி மேஜையில் வைக்கும்போது கொத்து தானாக நிற்கும். அதுதான் சோதனை. நின்ற கணத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவேண்டும்! அன்று முழுக்க அதையே அவிழ்த்துத் திரும்பக் கட்டட்டும்.

மூன்றாம் வாரம் ஜாடி, தட்டு அலங்காரம். பூ குத்தும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம். அது பிளாஸ்டிக்தான், பொடிந்து ஓடைக்குத்தான் போகும். லண்டனில் செல்சி மலர்க் காட்சி நடத்தும் தோட்டக்கலைச் சங்கமே 2021 முதல் தன் காட்சிகளில் அதை விலக்கிவிட்டது. கோழிவலையைச் சுருட்டிக் கிண்ணத்தில் வைக்கலாம், ஆணிப்படுகை (கூரான ஆணிகள் நெருக்கமாகப் பதித்த தட்டு) வைக்கலாம், சவுக்குக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிச் சட்டம் செய்யலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை எவ்வளவு கண்டிப்பு என்று ஊரறியும். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. எனவே பூங்கொத்துக்குப் பளபளக்கும் தாளும் கிடையாது. காகிதம், துணி, நார் போதும்.

நாலாம் வாரம் கம்பியும் நாடாவும்: சட்டைப்பூ, கைப்பூ, தலைப்பூ. ஐந்தாம் வாரம் கல்யாண வேலை, நேரக் கணக்கோடு. ஆறாம் வாரம் ஒத்திகைப் போட்டி.

இலையும் கிளையும் எங்கிருந்து

சோலைக்காட்டுப் பாசி, பெரணி, ஆர்க்கிட், காட்டுப் பூவரசு, குறிஞ்சி எதையும் தொடக்கூடாது. காப்புக்காட்டிலிருந்து கொண்டுவந்த எதுவும் மேஜையில் இருந்தால் அந்தப் படைப்புக்கு மார்க் இல்லை என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அதற்குப் பதிலாக நம்மிடம் ஏராளம் இருக்கிறது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் இலை, தைல மரக் கிளை, சீகை மர இலை, சைப்ரஸ். சதுப்பில் பரவிக் கிடக்கும் வெள்ளைக் கல்லா லில்லி வெளியிலிருந்து வந்து ஈரநிலத்தை அடைத்துக்கொண்ட செடி. தனியார் நிலத்திலிருந்து எவ்வளவு பறித்தாலும் நல்லதுதான். அதன் பால் தோலில் அரிக்கும் என்பதால் கையுறை போடச் சொல்லுங்கள். உண்ணிச்செடியும் மஞ்சள் பூ பூக்கும் ஸ்காட்ச் புரூமும் அழகான வளைவுக் கிளை தரும். ஆனால் காயோ நெற்றோ இருக்கும் கிளையை எடுத்துவரக்கூடாது, விதை புது இடத்துக்குப் போய்விடும். வேலியோரம் தொங்கும் மணி ஊமத்தைப் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், விஷம்.

பூவைப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலேயே வாங்குங்கள். வாங்கும்போது கடைசியாக மருந்தடித்தது எப்போது என்று கேளுங்கள். அன்றோ முந்தின நாளோ அடித்தது என்றால் அந்தப் பூ வேண்டாம். பிள்ளைகள் மணிக்கணக்காக வெறுங்கையால் தொடப்போகிற பூ அது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வகுப்பின் முதல் விதியாக இருக்கட்டும்.

தோட்டக்கலைப் பிரிவு

இதில் நாலு வேலை போதும்: மண் கலவை, நாற்று, கார்னேஷன் கவனிப்பு, ரோஜா மொட்டு ஒட்டு (நல்ல ரகத்தின் இலைக்கணு மொட்டை வேறொரு வேர்ச்செடியின் தண்டில் ஒட்டவைப்பது).

நம் மலை மண் புளிப்பு மண். அதைப் புரியவைக்க ஹைட்ராஞ்சியாவைக் காட்டுங்கள். எஸ்டேட் ரோட்டோரம் நீலமாகப் பூக்கும் அதே செடி, சுண்ணாம்பு சேர்த்த தொட்டியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதால் வரும் நீலம் அது. பிறகு எந்தச் செடிக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்ற பேச்சு தானாக வரும். குழித்தட்டு நாற்றுக்குத் தென்னைநார்க் கழிவும் மக்கு உரமும். ஜனவரிக் குளிரில் தண்ணீர் அதிகம் விட்டால் நாற்றழுகல் வரும், உறைபனி இரவுகளில் மூடவேண்டும்.

கார்னேஷனில் பிள்ளைகள் தினமும் செய்யும் வேலைக்குக் காரணம் சொல்லிக் கொடுங்கள். ஒற்றைப் பூ வகையில் பக்க மொட்டைக் கிள்ளுகிறோம், முழுச் சத்தும் உச்சிப் பூவுக்குப் போக. கொத்து வகையில் நேர்மாறாக உச்சி மொட்டைக் கிள்ளுகிறோம், பக்கப் பூக்கள் ஒரே உயரத்தில் வர. இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் வித்தியாசம் கூடும்போது புல்லிவட்டம் வெடிக்கும். அதற்காகத்தான் மொட்டுக்கு ரப்பர் பேண்டு. மூடுபனி நாளில் சாம்பல் நிறப் பூஞ்சாணம், வெயில் நாளில் செஞ்சிலந்தி. இரண்டும் பிடித்த இலைகளை மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

மொட்டு ஒட்டுக்கு முந்தின சில நாட்கள் வேர்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பட்டை சிரமமில்லாமல் உரியும். ஆங்கில டி எழுத்து வடிவில் கீறி, மொட்டை உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரியக் கட்டவேண்டும். கத்தி ஒரே இழுப்பில் வரவேண்டும், அறுக்கக்கூடாது.

போட்டி நாள்

காலையில் சீட்டுக் குலுக்கி மேஜை எண் கொடுங்கள். அதற்குப் பிறகு எங்கேயும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நம் ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், தெரிந்தவர். எனவே கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு ஊட்டி நடுவர், ஊட்டிப் பிள்ளைகளுக்குக் குன்னூர் நடுவர் என்று மாற்றிப் போடுங்கள். வேலை நடக்கும்போது நடுவர் ஒருவர் மட்டும் சுத்தமும் வீணும் பார்க்க உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் முடிந்த பிறகே வரவேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பூ, ஒரே எண்ணிக்கை. கார்னேஷன் வழக்கமாக 20 தண்டுக் கட்டாக வரும், கணக்கு எளிது. உடைந்தது, வாடியதற்கு மாற்றாகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள். முதல் வேலை கைக்கொத்து, ஒன்றரை மணி நேரம். இரண்டாவது வேலை திறக்காத பெட்டி: உள்ளே என்ன இருக்கிறது என்று மேஜைக்கு வந்த பிறகுதான் தெரியும். பெரிய போட்டிகள் பலவற்றிலும் இப்படி ஒரு திடீர்ச் சோதனை இருக்கும். பெட்டியில் நாலைந்து வகைப் பூ, ஒரு முரட்டுக் கிளை, ஒரு மண் சட்டி, கொஞ்சம் நார் வைத்தால் போதும்.

தோட்டக்கலைக்கு 20 இலை அடையாளம், அரை மணி நேரத்தில் நாற்று மாற்றி நடுதல், ஆளுக்கு ஐந்து மொட்டு ஒட்டு. இந்த ஒட்டுக்கு அன்றே மார்க் போடக்கூடாது. கட்டு அழகாக இருந்தும் மொட்டு கருகலாம். மூன்று நாலு வாரம் கழித்து எத்தனை பிடித்தது என்று எண்ணித்தான் போடவேண்டும். அதனால் இந்தப் பிரிவின் முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, விருந்தினருக்கும் வசதிப்படாது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மார்க் போட்டு முடித்ததும், பரிசு அறிவிக்கும் முன்னால், நடுவர் ஒவ்வொரு மேஜைக்கும் போய் அந்தப் பிள்ளையோடு பத்து நிமிடம் பேசவேண்டும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தண்டு தண்ணீரில் இல்லை, எந்த நிறம் அமுங்கிவிட்டது என்று தொட்டுக் காட்டவேண்டும். 12 பேர் என்றால் மூன்று நடுவர்கள் பிரித்துக்கொண்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நேரமில்லை என்று யார் சொன்னாலும், தலைமை விருந்தினர் காத்திருந்தாலும், இதைச் சுருக்காதீர்கள். வேண்டுமானால் பேச்சுகளைச் சுருக்குங்கள். ஆறு வாரம் பிள்ளைகள் கூலியை விட்டுவிட்டு வந்தது இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். நடுவரை அழைக்கும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

பரிசும் அதற்குப் பிறகும்

ஷீல்டு வேண்டாம். நல்ல கவாத்துக் கத்தரி, ஒட்டுக்கத்தி, ஆணிப்படுகை கொடுங்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் மதிப்பெண் தாளின் பிரதியைக் கையெழுத்தோடு கொடுங்கள். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழைவிட அது அதிகம் பேசும்.

மார்ச் தொடக்கத்திலேயே மே மாதக் காட்சிகளின் போட்டிப் பிரிவுகள், விண்ணப்பத் தேதிகள் பற்றிப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்து, யார் எதில் கலந்துகொள்வது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தொட்டி வளர்ப்பவர்களுக்கு அப்போதே நாற்று தொட்டிக்கு மாறியிருக்கும். மலர் அலங்காரத்தில் முதல் மூன்று இடம் வந்தவர்களை மாநிலத் திறன் போட்டிக்குப் பதிவு செய்ய உதவுங்கள். அங்கிருந்து இந்தியத் திறன் போட்டி, அங்கே தேறினால் உலகப் போட்டி. இணையத்தில் பதிவு செய்வது, ஆதார், வயதுச் சான்று ஸ்கேன் செய்வது ஆகியவற்றில்தான் நம் பிள்ளைகள் பாதிப்பேர் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். கூட ஒரு ஆள் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை.

ஒட்டு எண்ணும் நாளுக்கு இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தோட்டக்கலைப் பரிசை அன்றே கொடுத்துவிட்டு, அடுத்த பொங்கலுக்குப் பிறகு வரும் புதுப் பிள்ளைகளுக்கு உதவிப் பயிற்றுநராக யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் நாள் கூலி உண்டு என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.